அண்ணியின் கட்டம் போட்ட கோட்டு

அன்புள்ள வாண்டுவுக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு சௌக்கியம், எனக்கு மட்டும் மானம் கொஞ்சம் சுகமில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மா பத்தொன்பது வருஷம் கழித்து மறுபடி வேலைக்குப் போகிறாள், பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்காரப்போகிறாள் என்றதும் நீ அனுப்பிய கறுப்பு வெள்ளைக் கட்டத் துணி வந்து சேர்ந்தது. பிரித்த நிமிஷமே இந்த வீட்டின் உடைத்துறை மந்திரியாக நானே பதவியேற்றுக்கொண்டேன், வினை அங்கேதான் ஆரம்பம். கோட்டு, பாவாடை, கைப்பை மூன்றும் அதே துணியில் என்று உத்தரவிட்டேன். கட்டத்துக்குக் கட்டம் சேர்த்துத் தைத்தால் அரை மீட்டர் சேதாரமாகும் என்று தையல்காரர் தலையைச் சொறிந்தார். சேர வேண்டிய கட்டம் தானாகச் சேரும், அந்த அரை மீட்டரில் பையைத் தையுங்கள் என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

மகளே, அதைப் போட்டுக்கொண்டு உன் அம்மா வந்து நின்றபோது, பூகம்பம் வந்த சதுரங்கப் பலகை ஒன்று கைப்பையோடு நடந்துவந்தது. இடப்பக்கக் கட்டம் மேலே ஏறியிருந்தது, வலப்பக்கம் கீழே சரிந்திருந்தது, பார்த்த எனக்கு இரண்டு நாள் கழுத்து கோணிக்கொண்டது. உன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே நல்லாத்தான் இருக்கு என்றார், பிறகு தூக்கினார், எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார், அங்கிருந்து வெகுநேரம் இருமல் சத்தம் கேட்டது. வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு உன் அம்மா தெருமுனைவரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். என்னைப் பார்த்தா வந்தவங்களுக்குப் பல்வலியே மறந்துடும் தம்பி, டாக்டருக்குத்தான் பொழைப்பு போயிடும் என்றாள். சிரித்தேன். செவ்வாய்க்கிழமை பழைய சட்டையில் கிளம்பி அதே முனையில் திரும்பி வந்து, இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம் என்று செருப்பைக் கழற்றியபோது சிரிப்பு வரவில்லை. அவள் பயத்துக்கு ஒரு காரணத்தை நானே தைத்துக் கொடுத்திருக்கிறேன் என்று புரிந்தது. வியாழக்கிழமைவரைதான் இடத்தை வைத்திருப்பேன் என்று டாக்டர் வேறு சொல்லி அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை கோட்டு, பாவாடை, பை மூன்றையும் மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு தையல்காரரிடம் ஓடினேன். பின்னாலேயே உன் அம்மா வந்தாள், என்னை முக்காலியில் உட்கார வைத்தாள், வாயைத் திறக்கக்கூடாது என்றாள், எனக்கு அது ஆயுள்தண்டனை. கட்டம் ஒரு இடத்துல இருந்தாப் போதும், மத்ததெல்லாம் சும்மா இருக்கட்டும் என்று தையல்காரரிடம் சொல்லி, பாவாடையைப் பிரித்து அந்தத் துணியில் கோட்டின் பக்கங்களைக் கட்டம் சேர்த்து மாற்றவைத்தாள். உள்ளே வெள்ளைச் சட்டை, கீழே அவளுடைய கருநீலப் பாவாடை. பையையும் பிரித்துக் கழுத்துத் துணியாக்கிவிட்டாள், கோட்டு போடாத நாளில் சாம்பல் நிறச் சட்டைமேல் அது மட்டும் போதுமாம். நீயும் உன் கட்டச் சட்டையைக் கட்டப் பாவாடையோடு போடாதே, சாதா பேண்டோடு போடு, கையை இரண்டு மடிப்பு மடித்துவிடு.

இன்று வியாழன். எட்டு மணிக்குக் கிளம்பினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன், பத்து நிமிஷத்தில் தெருமுனையில் அதே கோட்டு திரும்பி வந்தது, எனக்கு உயிரே போய்விட்டது. வாசலைக்கூட மிதிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று, மூக்குக்கண்ணாடிய மறந்துட்டேன், சீக்கிரம் எடுத்துக் குடுங்க தம்பி, எனக்கு நேரமாச்சு என்றாள். வாங்கிக்கொண்டு போனவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இது கிடைத்த அன்று சாயங்காலம் போன் பண்ணு, ஆனால் நீயாக வேலையைப் பற்றிக் கேட்காதே, அவளே சொல்லட்டும். நூறு வயது நோய்நொடி இல்லாமல் இரு.

ஆசிகளுடன்,
உன் சித்தப்பா,
உடைத்துறை முன்னாள் மந்திரி