அமைச்சர் என்று கூப்பிட்ட நாள்

அண்ணா,

நீ இன்னும் அறையை விட்டு வெளியே வரவில்லை என்று அண்ணி சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன்.

காலையில் போனில் சொன்னாய்: "அப்பா ஜெயிச்ச தொகுதி. அதுல உன்னை உட்கார வெச்சது நான். இன்னிக்கு மட்டும் சபையில வாயைத் திறக்காதே." சரி என்றுதான் சொன்னேன்.

ஆனால் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் இறந்த மூன்று பெண்களுக்கும் ஏற்கெனவே நோய் இருந்ததாக அறிக்கை படித்தாய். அவர்களில் ஒருத்தியை ஒன்பது மாதமும் பரிசோதித்தவள் நான். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஊசி மருந்து கலங்கியிருக்கிறது, நிறுத்து என்று அவர்கள் இறப்பதற்குப் பத்து நாள் முன்பே உன்னிடம் சொன்னேன். "பார்க்கலாம்" என்றாய்.

எழுந்துவிட்டேன். "அமைச்சர் சொல்வது பொய்" என்றேன். உன்னை அமைச்சர் என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நீ திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என்னை விடவில்லை.

மாலையில் கட்சிக்காரர்கள் வந்து என் ராஜினாமாவைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. விசாரணைக் குழு ஒன்று அமைத்து என்னைக் கூப்பிட்டால் நீ சொன்ன அந்த "பார்க்கலாம்" வரை எல்லாவற்றையும் சொல்வேன்.

பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதே. நாளை பத்து மணிக்குக் கிளினிக்கில் இருப்பேன். எல்லோரையும் போல வரிசையில் உட்கார வேண்டியிருக்கும். ஆனாலும் வா.

உன் தங்கை