பருப்பு வெந்த தண்ணீர்

14-5-1958

மச்சானும் நானும் வெட்டிய கிணற்றில் இன்று தண்ணீர் ஊறிவிட்டது! அந்த இடத்தில் உப்புத் தண்ணீர்தான் வரும், மூடிவிடுவோம் என்பது மச்சான் கட்சி. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பதால், சோதித்துப் பார்க்க அக்கா கிணற்றுத் தண்ணீரிலேயே பருப்பு வேகவைத்தாள். வெண்ணெயாகக் குழைந்தது.

மச்சான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "பருப்பு புதுசு மாப்ள, அதான் வெந்திருச்சு" என்றார்.

"தண்ணியக் குடிச்சுப் பாருங்க மச்சான்."

ஒரு செம்பைக் காலி செய்தார். "கரிக்குது."

"இன்னொரு செம்பு தரவா?"

"கொடு."

அதையும் குடித்தார். "கரிக்கத்தான் செய்யுது. மூடுவோம். எனக்கு ஊருணித் தண்ணிதான்."

தினம் இரண்டு மைல் நடந்து சுமக்கிற குடத்தை அக்கா அவர் முன்னால் வைத்தாள்.

"அப்ப இனிமே நீங்களே போயித் தூக்கிட்டு வாங்க."

மச்சான் குடத்தையே பார்த்தார். "சரி, கிணறு கிடந்துட்டுப் போகுது" என்றார்.

ஜெயித்துவிட்டோம். கரிக்கவில்லை என்று மட்டும் மனிதர் இன்னும் சொல்லவில்லை.