கேமராவுல முள்ளெலி இல்ல

ஷாரோன் அப்பா,

எழுப்ப மனசு வரல. கருவாட்டுக் குழம்பு அடுப்பு மேல இருக்கு.

முள்ளெலி ஆராய்ச்சிக்காக வடக்குப்பட்டுப் புதர்ல நான் கட்டின கேமராவுல வாரம் பூரா நீங்கதான் வந்திருக்கீங்க. இப்பத்தான் போன்ல பாத்தேன். கம்பெனிச் சட்டையோட, டிபன் பாக்ஸை மடியில வெச்சிகினு தனியா அழுவறீங்க.

வேலை போனதை எங்கிட்ட சொல்லக்கூடாதா? நைட் ஷிப்ட்டு, ஓ.டி.ன்னு வூட்டையே மறந்துட்டீங்கன்னு நேத்துகூட கத்தினேனே.

எங்க ஆராய்ச்சி சார் பாக்கறதுக்குள்ள ஆபீஸ் போய் கம்ப்யூட்டர்ல இருக்கற அந்தப் படங்களை அழிச்சிட்டு ஓடியாறேன். அதுவரைக்கும் பக்கத்து வூட்டு அற்புதமேரி அக்கா இங்கயே உக்காந்திருப்பாங்க. ஏன்னு கேக்காதீங்க. வெளிய போவாதீங்க.

ஜூலி

கடைசிப் படத்துல மரக்கிளையையே அண்ணாந்து பாத்துகினு நிக்கறீங்க.

நாலு மணிக்கு ஷாரோன் வேன்ல வந்து இறங்குவா. கேட்டாண்ட நீங்கதான் நிக்கணும்.