ஈறோடு எடுத்து வைத்த பல்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகளும் அங்கே உடம்பும் மனசும் சரியாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மூவரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், எனக்கு ஒரு குறையும் இல்லை, உன் மகளுக்குத்தான் வாயில் ஒரு பல் குறைந்துவிட்டது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ பாதிக் காதைத்தான் கொடுக்கிறாய், மீதி உன் ஆய்வுக்கூடத்து மெஷின் சத்தத்தில் இருக்கிறது, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நம் வாயாடிக்குக் கீழ்க் கடைவாயில் ஒரு பால்பல் சொத்தையாகி வேர் வரைக்கும் போய்விட்டது. குழந்தைகளுக்கென்று தனியாக இருக்கும் பல் டாக்டரிடம் காட்டச் சொன்னாய், ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷம் கம்பவுண்டராக வேலை பார்த்த பல் கிளினிக் இருக்கும்போது இன்னொருவர் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்பதா என்று எனக்கு ரோஷம். நம் டாக்டர் வேரைச் சுத்தம் செய்தார். உள்ளே அடைக்கிற மருந்தைக் குழைக்க இப்போது வேலையில் இருக்கும் பெண் வந்தாள், நீ நகரும்மா, என் பேத்திக்கு நான் கலக்கறேன் என்று கண்ணாடித் தகட்டை வாங்கிக்கொண்டேன். அதே வெள்ளைப் பொடி, அதே கிராம்பு எண்ணெய். கெட்டியாகக் குழைத்தால் வேருக்குள் இறங்க நேரமாகும், அத்தனை நேரம் குழந்தை வாயைப் பிளந்துகொண்டு உட்கார வேண்டுமே என்று எண்ணெயை இரண்டு சொட்டு கூட விட்டேன். வழவழவென்று இறங்கியது. நாற்காலியை விட்டு இறங்கியவள், எங்க தாத்தா கலக்கின மருந்து என் பல்லுக்குள்ள இருக்கு என்று வெளியே காத்திருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

இருபது நாள் ஆகவில்லை, அந்தப் பல்லை ஒட்டி ஈறு சிவந்து வீங்கி மிளகு அளவில் கொப்புளம் கட்டியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், மருந்து வேர் நுனியைத் தாண்டி வெளியே கசிந்து வெள்ளையாக நிற்கிறது. கீறிச் சீழை எடுத்தார்கள், கழுவினார்கள், அடங்குவதுபோல் அடங்கி மறுபடியும் கட்டியது. உன் அம்மா ஆறின பாலைக் கரண்டியால் பேத்தி வாயில் ஒரு பக்கமாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் டாக்டர், உங்க பையன் இதைப் பத்தித்தான் பேசியிருக்கார், பாருங்க என்று தன் போனில், நீ போன வருஷம் ஒரு மாநாட்டில் பேசிய வீடியோவைக் காட்டினார். பெரிய அரங்கு, கோட்டு போட்டுக்கொண்டு நீ. பாஷை எனக்கு அரைகுறைதான், டாக்டர் அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தார். குழந்தைகளுக்குப் பிடுங்கிய பற்களில் ஒட்டியிருக்கும் ஈறை வாங்கிக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, வேருக்குள் வைக்கிற மருந்துகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பார்க்கிறீர்களாம். உயிரோடு இருப்பது பச்சையாம், செத்தது சிவப்பாம். கிராம்பு எண்ணெய் மருந்து வைத்த தட்டில் தேடினாலும் பச்சை இல்லை. எண்ணெய் கூடினால் சிவப்பும் கூடும் என்றாயாம். அதற்கப்புறம் கம்பவுண்டர் என்று ஏதோ சொல்லி, மணிக்கட்டைச் சுழற்றிக் குழைத்துக் காட்டினாய், அரங்கமே சிரித்தது. அந்த இடத்துக்கு மட்டும் டாக்டர் அர்த்தம் சொல்லாமல் போனை அணைத்துவிட்டார். எனக்கு அவர் சொல்லத் தேவையில்லை. அது என் மணிக்கட்டு, நான்கு வயதில் என் மடியில் உட்கார்ந்து நீ பார்த்துக் கற்றுக்கொண்டது.

சிரித்ததற்காக நான் இதை எழுதவில்லை. ஒரு அரங்கத்துக்கே தெரிந்த விஷயத்தை எனக்குச் சொல்ல உனக்கு ஒரு போன் கிடைக்கவில்லையா. அப்பா வருத்தப்படுவார் என்று விட்டாய் என்றால் பொறுத்துக்கொள்வேன். அவருக்கு என்ன புரியப்போகிறது என்று விட்டாய் என்றால் பொறுக்க மாட்டேன். பழியை உன் தலையில் கட்டிவிட்டு நான் கை கழுவவும் இல்லை, குழைத்தது இந்தக் கைதான். அந்தக் காலத்தில் ஈறு வீங்கித் திரும்பி வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சொத்தை முற்றிவிட்டது என்று நாங்களே சொல்லி அனுப்பினோம். இப்போது தெருவில் யார் வாய்விட்டுச் சிரித்தாலும் என் கண் நேரே கடைவாய்க்குத்தான் போகிறது.

போன வாரம் பல்லை எடுத்தாயிற்று. புதுப்பல் வர இடம் விட்டு ஒரு கம்பி வளையம் போட்டிருக்கிறார்கள். அடியில் இருக்கும் அந்தப் பல் கறையோடு வருமா, கோணலாக வருமா, நன்றாகவே வருமா என்பது மூன்று நான்கு வருஷம் கழித்துத்தான் தெரியுமாம். ஈறு ஆறி வருகிறது. மருமகளிடம் பதமாகச் சொல், குறை சொல்வதானால் என் பேரையே சொல். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இரண்டு பேரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், என் கோபம் ஒரு நாளும் அந்த ஆசியைத் தொடாது.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அன்றைக்கு அந்தப் பேச்சை என் முதுகுக்குப் பின்னால் நின்று உன் மகளும் பார்த்திருக்கிறாள். பல்லைப் பிடுங்கின அன்று டாக்டர் இடுக்கியை எடுத்ததும் கையை உயர்த்தி, ஈறு ஒட்டியிருந்தா துடைச்சிடாதீங்க, எங்கப்பாவுக்கு அதுதான் வேணும் என்றாள். டாக்டரும் பல்லை ஈறோடு ஒரு சின்ன மருந்து பாட்டிலில் போட்டுக் கொடுத்தார், பிரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறாள். செத்த ஈறு உனக்கு உதவாது என்று எனக்கு இப்போது தெரியும், அவளிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தோடு அதையும் அனுப்பிடலாமா தாத்தா என்று எடுத்து வந்தாள். நான் பதில் சொல்வதற்குள், வேண்டாம், அனுப்பிட்டா அப்பா வர வேண்டியதில்லையே என்று தானே சொல்லிக்கொண்டு பாட்டிலைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா