ஐம்பது வினாடியில் வந்த வெயில்

செவ்வாய் இரவு, கிள்ளான்

விளக்கைப் போட்டதற்கு மன்னித்துவிடு தங்கச்சி, இந்த டைரியை எழுதாமல் தூக்கம் வராது.

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் சென்டரில் இன்று எனக்குச் சோதனை வகுப்பு. சூரிய ஒளி பூமிக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டேன். தூரம் பதினைந்து கோடி கிலோமீட்டர் என்று வாய் தமிழில் சொன்னது. அறிவியலை மலாயில் படித்த கை, பலகையில் பதினைந்து ஜூத்தா என்று எழுதிவிட்டது. அதை ஒளியின் வேகமான வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டரால் வகுத்தேன். ஐம்பது வினாடி.

"டீச்சர், அதுக்குள்ள மேகி மீ கூட வேகாது லா!" என்றாள் முன்வரிசைப் பெண். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். சென்டர் நடத்தும் ஆன்டி மட்டும் சிரிக்கவில்லை. "வேலைய பத்தி நாளைக்குச் சொல்றேன்மா" என்றார்.

வீடு திரும்பும் ரயிலில்தான் உறைத்தது. மலாய் ஜூத்தா பத்து லட்சம்தான்; ஒரு கோடி என்பது பத்து ஜூத்தா. விடை ஐந்நூறு வினாடி, எட்டு நிமிடத்துக்கும் மேல்.

வீட்டின் முதல் பட்டதாரி நான். "டீச்சர் வந்தாச்சா?" என்று அப்பா வாசலிலேயே கேட்டார். தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வேலை கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஐம்பது என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். காலையில் வேலையைப் பற்றிப் பேசுமுன் இதைக் கேட்டுவிட வேண்டும்:

"ஆன்டி, அதே வகுப்புல எனக்கு இன்னொரு பத்து நிமிஷம் குடுங்க."