குன்றின் மேல் கிருஷ்ணம்மா அக்கா

அமரவிளை,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜீனாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்குக் குறைவில்லை, மனசுதான் மூன்று நாளாக ஒரு நிலையில் இல்லை. ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும், தலையை மூடாமல் வெளியே இறங்காதே. போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் எழுதுகிறேன், கடைக்கார ஷிபு இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான்.

மக்கா, ஓணத்துக்கு முன்னால் நிலவரிக்கு என்று சொல்லி உன் போனுக்கு வந்த ஓடிபி நம்பரைக் கேட்டு வாங்கினேனே, அது பொய். வீட்டுக்குப் பின்னால் உன் பேரில் இருக்கிற குன்றுச் சரிவில் வீடு கட்ட மண் வெட்டுவதாக அனுமதி எடுத்தேன். அனுமதி வீட்டுக்கு, மண் போவது நாலுவழிச் சாலைக்கு. காண்ட்ராக்டர் உண்ணி, சரிவ வெட்டிச் சும்மாவே நிரப்பாக்கித் தாறேன், நீங்க வீட்டக் கட்டுங்கண்ணே என்றான். எனக்கும் ஆசைதான். ரோடு வந்தால் பிள்ளை ஏர்போர்ட்டில் இறங்கிச் சட்டென்று வீடு வந்து சேருவாள் என்று அம்மாவிடம் பெருமையடித்துத் திரிந்தேன்.

பத்து நாளில் ஜேசிபி முப்பதடி வெட்டிவிட்டது. கொடியில் காயும் துணியெல்லாம் சிவப்பு, கிணற்றில் வெள்ளம் கலங்கிக் கிடக்கிறது, அம்மா என்னோடு பேசுவதில்லை. வியாழக்கிழமை மழையில், மேலே கிருஷ்ணம்மா அக்காவின் அடுக்களைக்குப் பின்னால் நிலம் கை நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நீ கஞ்சி குடித்த அடுக்களை. நம் வீட்டுக்கு இறங்கி வரச் சொல்லிக் கெஞ்சினேன். எலே ஜெயதாசே, நீ மண்ணு எடுக்கியத முதல்ல நிறுத்து, இல்லெங்கி வீட்டோட சேந்து உன் தலையிலதான் வந்து விழுவேன் ஆக்கும் என்று கதவைச் சாத்திவிட்டாள். உண்ணியோ அனுமதி இன்னும் இருபது நாள் உண்டு என்கிறான். அனுமதி தந்த ஆபீசில் கேட்டேன், புகார் கொடுத்தால் வந்து பார்க்க ஒரு வாரம் ஆகும், உடைமைக்காரி நீ ரத்து செய்தால் அன்றைக்கே வண்டி நிற்கும் என்றார்கள். ரத்து செய்தால் மண் எங்கே போனது என்று கேள்வி வரும், உன் பேருக்குத்தான் வரும். செய்தது நான் என்று எழுதிக் கொடுக்கிறேன், ஆனாலும் பயமாக இருக்கிறது மக்கா.

நாளைக் காலை பத்து மணிக்கு, உனக்கு ஆறரை, அனுமதியை ரத்து செய்யத் தனுவச்சபுரத்தில் அக்ஷயா இ-சேவை மையத்தில் நிற்பேன். உன் போனுக்கு மறுபடியும் நம்பர் வரும். எதற்கென்று இந்தத் தடவை முழுவதும் சொல்லிவிட்டேன். திட்டுவதானால் நம்பரை அனுப்பிவிட்டுத் திட்டு.

கர்த்தர் உன்னையும் மருமகனையும் ஒரு குறையுமில்லாமல் காக்கட்டும். அலாரம் வைத்துப் படு, மறந்துவிடாதே. இங்கே வானம் மறுபடியும் கறுத்துவிட்டது. அக்கா வீட்டில் அடுப்பு புகைகிறது.

உன் அப்பா,
ஜெயதாஸ்