சொட்டு என்பது ஆள் பெயர்

ஆறாம் தேதி, செவ்வாய்

அன்புள்ள தங்கைக்கு, அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது. என் தலையில் எத்தனை நரை என்று எண்ணிச் சொல்கிறார். அப்போது நீ வந்திருந்த நாலு நாளும் நாம் இரண்டு பேரும் கண் டாக்டரைப் பற்றி மட்டுமே பேசினோம். இந்தக் கடிதத்தில் டாக்டர் வரமாட்டார். வேறு விஷயம் இருக்கிறது.

பட்டறை நன்றாக ஓடுகிறது. நீ ஊரை விட்டுப் போகும்போது நாலு பேர், இப்போது பதினோரு பெண்கள். பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுத்து, வடிகட்டுவது ஒரு அறை, பாட்டிலில் நிரப்புவது ஒரு அறை என்று பிரித்துவிட்டேன். நூல் கடை, பட்டன் கடை, தையல் கடை, எங்கே போனாலும் நம் பச்சை பாட்டில் நிற்கிறது. தையல் மெஷின் எண்ணெய் வேண்டும் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. "ஒரு சொட்டு குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் பூரித்துப் போவேன், போன வருஷம் வரை.

போன வருஷம் "நல்ல சொட்டு" என்று ஒரு பாட்டில் கடைகளுக்கு வந்தது. அதே பச்சை, அதே நீள மூக்கு, அதே சாய்ந்த எழுத்து. யாரோ ஒரு புதுக் கம்பெனி. ஒரு தையல்காரர் வெள்ளைச் சட்டைத் துணியைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தார். வரிசையாக மஞ்சள் கறை. "உங்க எண்ணெய நம்பிக் கெட்டேன்மா" என்றார். அது நம் எண்ணெய் இல்லை என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. மறுநாளே பெயரைப் பதிவு செய்ய ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். எப்போதோ செய்திருக்க வேண்டியது. நம்மை யார் காப்பி அடிக்கப் போகிறார்கள் என்ற மெத்தனம்தான்.

வக்கீல் பிராண்ட் பெயர் வழக்குகளை மட்டுமே எடுப்பவர். அவரிடம் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. "மூன்று மயில்" நூல்கண்டு தெரியுமல்லவா? அச்சகத்தில் இருந்தது ஒரே ஒரு மயில் அச்சுதானாம். லேபிள் காலியாகத் தெரிந்ததால் அதையே மூன்று தடவை அடித்தார்களாம். "மாலுமி" ஊசிக்காரர் கடலையே பார்த்ததில்லையாம். அர்த்தமே இல்லாத பெயரைப் பதிவது சுலபம், பொருளுக்குச் சம்பந்தமில்லாத பெயரும் பரவாயில்லை, பொருளையே சொல்லும் பெயரில்தான் வம்பு என்றார். "ஐஸுக்கு ஜில்லுனு பேர் வெச்சுட்டு, வேற யாரும் ஜில்லுனு சொல்லக்கூடாதுன்னா விடுவாங்களா?"

அவர் சொன்னபடியே வம்பு வந்தது. எண்ணெய் சொட்டுச் சொட்டாக விடப்படுவது, ஆகவே சொட்டு என்பது பொதுச் சொல், ஒருவருக்கு மட்டும் தர முடியாது என்று பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம். கூடவே அந்தப் புதுக் கம்பெனியின் ஆட்சேபணை. அதோடு இணைத்து ஒரு பத்திரிகைத் துண்டு. எந்தத் துண்டு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிலைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு நான் சிரிக்கிற படம். கீழே, "எண்ணெய் சொட்டு விழுவதைப் பார்த்ததும் பளிச்சென்று தோன்றிய பெயர், நானே வைத்தேன்" என்று நான் சொன்னதாக. சொன்னதாக என்ன, சொன்னதுதான்.

வக்கீல் அதைப் படித்துவிட்டு, "உங்க வாயாலேயே கெடுத்துக்கிட்டீங்களே" என்றார். அப்போதுதான் முதல் முறையாக ஒரு வெளியாளிடம் உண்மையைச் சொன்னேன். சொட்டு என்பது எண்ணெய் இல்லை, என் தங்கச்சி. எட்டாம் மாதமே பிறந்துவிட்டவள். நர்ஸ் துணியில் சுற்றி அப்பா கையில் கொடுத்து, "ஒரு சொட்டுதான் இருக்கா, பத்திரமாப் பாத்துக்குங்க" என்றாளாம். அன்றிலிருந்து வீட்டிலும் தெருவிலும் அதுதான் பேர். துணியில் கறை விடாத எண்ணெய் வேண்டும் என்று முப்பத்தோரு கலவை போட்டுப் பார்த்தவளும் அவள்தான். பழைய படுக்கை விரிப்பைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எண்ணெய் விட்டு, துவைத்து, கொடியில் வரிசையாகக் காயப் போட்டிருந்தாய். கடைசிச் சதுரம் மட்டும் வெள்ளையாக வந்தது. என்ன பேர் வைக்கலாம் என்று நீ கேட்டாய். உன் பேர்தான் என்றேன். அதுவரை வந்த கதையில் நான் செய்தது அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் வக்கீலுக்கு உயிர் வந்துவிட்டது. ஆள் பெயர் என்றால் வழக்கே வேறாம். ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவருடைய பெயர் என்பதால், இது என் பெயர், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவரே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். பேப்பரை இதோடு வைத்திருக்கிறேன். விசாரணை அடுத்த மாதம் நாலாம் தேதி. பேட்டியைப் பற்றிக் கேட்டால் நிருபர் தப்பாக எழுதிவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறார்.

அந்தப் பேட்டி வந்த வாரம்தான் மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்தது, நீங்களும் கிளம்பினீர்கள். மாற்றலால்தான் போனாய் என்று ஏழு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். மாட்டேன் என்றால் ஒரு வரி எழுது. இருக்கிற லேபிளையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு வேறு பெயரில் விற்பேன். என்னால் முடியும், உனக்கே தெரியும். செய்யத்தான் மனசு வரவில்லை.

குழந்தைக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
அக்கா


பத்தொன்பதாம் தேதி

மதிப்பிற்குரிய அக்காவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு சாட்சி கேட்டிருந்தார்கள். ஒன்று இவர், இன்னொன்று நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடை முதலாளி. கண்ணாடிக் கால்கள் மடங்காமல் இறுகி வந்தால் நான் விடுவது நம் எண்ணெய்தான். நாலு வருஷமாக என் மேஜையில் அந்தப் பாட்டில் இருக்கிறது. அதில் இருப்பது என் பேர் என்று பேப்பரைப் படித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. "ஏம்மா சொல்லவே இல்ல?" என்று கேட்டார். பாட்டிலை எடுத்து அடுத்த கண்ணாடிக்கு எண்ணெய் விட ஆரம்பித்தேன்.

அக்கா, பேருக்காக நான் கோபித்துக்கொண்டேன் என்று நீ நினைக்கிறாய். அதற்கு நீ என்ன கதை சொல்லி விற்றாலும் எனக்கு ஒன்றுமில்லை. விற்பது உன் வேலை, அதில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அன்றைக்கு நிருபர் வந்தபோது நான் கலவைத் தொட்டி பக்கத்தில் நின்றேன், முழங்கை வரை எண்ணெய். "இவங்க யாரு?" என்று அவர் கேட்டார். "கூடமாட உதவிக்கு இருக்கா" என்றாய். தங்கச்சி என்றுகூடச் சொல்லவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். இவ்வளவு எழுதிய நீ அதை மட்டும் எழுதவில்லை. மறந்துவிட்டாயா, எழுத முடியவில்லையா என்று தெரியவில்லை.

லேபிளைக் கிழிக்க வேண்டாம். பதினோரு குடும்பம் இருக்கிறது. அப்பாவை வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கை


ஏழாம் தேதி, வெள்ளி

என் சொட்டுவுக்கு,

பேப்பர் விசாரணைக்கு முன்னதாகவே வந்துவிட்டது. வக்கீல் கையெழுத்தையும் சாட்சியையும் பார்த்துவிட்டு "பக்கா" என்றார். உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை.

மறக்கவில்லை. எழுத முடியவில்லை. உன் கடிதம் வந்த அன்று ஒரு பெட்டி முழுக்க லேபிளைத் தலைகீழாக ஒட்டி வைத்திருக்கிறேன். மூடி போடும் பெண் பார்த்துவிட்டுச் சிரிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

விசாரணை அறை சின்னதுதான். நீள மேஜை, சத்தம் போடும் மின்விசிறி, சுவரோரம் கட்டுக்கட்டாகக் கோப்புகள். அதிகாரி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்த எடுப்பிலேயே பத்திரிகைத் துண்டைத் தூக்கிப் பிடித்தார். "பேப்பர்ல ஒண்ணு சொல்றாங்க, இங்க வந்து ஒண்ணு சொல்றாங்க. இதுல எது பொய்னு அவங்களையே கேளுங்க" என்றார்.

நிருபர் தப்பாக எழுதிவிட்டார் என்பது நாக்கு நுனி வரை வந்தது. நம் வக்கீல், சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கண்ணாலேயே சைகை காட்டினார். "பேப்பர்ல சொன்னதுதான் பொய்" என்றேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் பொய் சொன்னீங்க?"

கையை மேஜைமேல் ஊன்றிக்கொண்டு சொன்னேன். "மேடம், எங்க வீட்ல மூளை அவ, வாய் நான். வாய் இருக்கிறவதான் வெளியில தெரிவா. பெருமை எல்லாம் எங்கிட்ட வந்துச்சு, பங்கு குடுக்க மனசு வரல. அவளக் காட்டி இவங்க யாருன்னு அன்னிக்கு அந்த நிருபர் கேட்டாரு. உதவிக்கு இருக்கான்னு சொன்னேன். பேர்ல சொன்ன பொய்யவிட அது பெரிய பொய். அந்த எண்ணெயச் செஞ்சவ அவ. பேரும் அவளுது. நான் வித்தேன், அவ்வளவுதான்."

நம் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். தட்டச்சு செய்யும் பெண் நிமிர்ந்து, "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, பாதி விட்டுப்போச்சு" என்றாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

சாட்சிக்கு அப்பாவைக் கூப்பிட்டார்கள். கறுப்புக் கண்ணாடியோடு மிடுக்காகப் போய் உட்கார்ந்தார். இது நிஜமாகவே உங்கள் மகளின் பேரா என்று கேட்டதற்கு, "ஸ்கூல்ல குடுத்த பேரு வேற. அதச் சொல்லிக் கூப்பிட்டா அவ திரும்பியே பாக்க மாட்டா" என்றார். அதிகாரி சிரித்துவிட்டார்.

அன்றே வாய்மொழியாக முடிவைச் சொல்லிவிட்டார்கள், எழுத்தில் வர இரண்டு வாரம் ஆகும். சொட்டு என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பேசலாம், எழுதலாம். ஆனால் தையல் மெஷின் எண்ணெய்க்குப் பெயராகப் போட நமக்கு மட்டும்தான் உரிமை. அந்தக் கம்பெனி மூன்று மாதத்துக்குள் பெயரையும் பாட்டிலையும் மாற்ற வேண்டும். வெளியே வந்ததும் நம் வக்கீல், இருபது வருஷத்தில் நான் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லாமல் ஜெயித்தது நீங்கள் ஒருத்தர்தான் என்றார். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பத்திரிகைக்குப் போன் செய்தேன். ஏழு வருஷத்துப் பேட்டிக்குத் திருத்தம் போடுவதில்லையாம், வேண்டுமானால் வாசகர் கடிதம் எழுதுங்கள் என்றார்கள். எழுதிவிட்டேன். போடாவிட்டால் மறுபடி எழுதுவேன், என் தொல்லை பொறுக்காமலாவது போடட்டும். பட்டறையின் பதிவில் கூட்டாளி என்று உன் பேரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்று எழுதாதே. உன்னைக் கேட்காமல் செய்தேன் என்று திட்டி எழுது, அது பரவாயில்லை.

இன்று காலை பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. லேபிள் ஒட்டுபவள், சொட்டு என்று நிஜமாகவே ஒரு ஆளா என்று மூன்று தடவை கேட்டாள். உயரமா குள்ளமா, சிவப்பா கறுப்பா, என்னை மாதிரியே கத்திக் கத்திப் பேசுவாளா என்றெல்லாம் விசாரணை. இத்தனை வருஷமாகத் தினமும் ஆயிரம் தடவை அந்தப் பேரை ஒட்டியிருக்கிறார்கள், ஆளை ஒரு தடவையாவது பார்க்க வேண்டுமாம். எப்போது வருவாள் என்று கேட்டு என்னை வேலை செய்ய விடுவதில்லை.

நீயும் உன் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். குழந்தைக்கு லீவு விடும்போது நாலு நாளாவது வந்துவிட்டுப் போ. அந்தப் பெண்கள் கேட்கிறார்கள் என்றுதான் எழுதுகிறேன். வேறு யாரோ கேட்பதாக நீ எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

உன்,
அக்கா